பவர்செட் ரயிலுக்குப் பான்டோகிராப் பூட்டினால் மட்டக்களப்புப் பாதைக்கு என்ன கிடைக்கும்?

கல்லடிக் கரை
பாணந்துறை – வெயாங்கொடைப் பாதையை மின்மயமாக்கும் பேச்சு திரும்பத் திரும்ப வருகிறது. நடந்தால் கொழும்புப் பக்கம் மேலே கம்பி, அதற்கப்பால் மட்டக்களப்பு வரைக்கும் டீசல்தான். இப்போது ஓடுகிற டீசல் பவர்செட்டுகளை (தனி எஞ்சின் வண்டி இல்லாமல், எஞ்சின் முனைப் பெட்டிக்குள்ளேயே உள்ள ரயில்களை) கழிக்காமல், கம்பி உள்ள இடத்தில் மின்சாரத்திலும் இல்லாத இடத்தில் எஞ்சினிலும் ஓடும்படி மாற்றலாமா? கம்பியில் உரசி மின்சாரம் எடுக்கும் பான்டோகிராப் தொடங்கி என்னென்ன பூட்ட வேண்டும், எவ்வளவு பாரம் கூடும், எங்கே பிழை வரும் என்று விபரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள். பிரித்தானியாவில் வொயேஜர் என்ற டீசல் ரயில்களுக்கு இப்படி ஒரு திட்டம் போட்டுப் பிறகு கைவிட்டார்கள். அதன் காரணமும் இங்கே பொருந்துமா என்று பார்க்க வேண்டும்.

வாழைச்சேனை பவர்செட்
முதலில் பார்க்க வேண்டியது எஞ்சினை அல்ல, எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்பதை.

இலங்கை ரயில்வேயின் எஸ்8 வகை மாதிரி ஹைட்ராலிக் செட் என்றால் இந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம். எஞ்சின் சுழற்சி எண்ணெய் வழியாகக் கியர்பெட்டிக்குப் போகிறது, அங்கிருந்து கார்டன் என்ற சுழல் தண்டால் அச்சுக்குப் போகிறது. மின்சாரம் நுழைய வாசலே இல்லை. எஞ்சின் இருந்த இடத்தில் மோட்டரை வைத்து அதே ஹைட்ராலிக் பெட்டியைச் சுற்றலாம்தான். ஆனால் எண்ணெயில் போகிற இழப்பு அப்படியே இருக்கும், டீசலுக்கும் இடம் இராது. சக்கரங்களைத் தாங்கும் போகிச் சட்டத்தையே மாற்றுவதென்றால் அது புது ரயிலின் விலை.

எஸ்9, எஸ்12 மாதிரி டீசல்-மின் செட்டுகளில்தான் வழி இருக்கிறது. அங்கே எஞ்சின் அல்டர்நேட்டர் என்ற ஏசி ஜெனரேட்டரைச் சுற்றுகிறது, ரெக்டிபயர் அதை டிசி ஆக்குகிறது, மோட்டர் அதில் ஓடுகிறது. அந்த டிசி ஓடும் பொது உலோகச் சட்டத்துக்கு, அதாவது பஸ்பாருக்கு, இன்னொரு பக்கத்தில் இருந்தும் மின்சாரம் கொடுத்தால் மோட்டருக்கு வித்தியாசம் தெரியாது. அடுத்தது மோட்டரின் பெயர்த்தகடு. மூன்று பேஸ் ஏசி மோட்டரும், டிசியை அதற்கு ஏசி ஆக்கிக் கொடுக்கும் இன்வேட்டரும் என்றால் வேலை பாதி குறைவு. டிசி மோட்டர் என்றால் சிக்கல் வேறு மாதிரி. அதை மின்பொறி அண்ணன் சொன்னால் நல்லது.

மட்டு மின்பொறி
சொல்கிறேன் தம்பி. 25 கிலோவோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்றே வைத்துக்கொள்வோம். இந்தியா முழுக்க அதே முறை, எங்களுடைய அதே 1676 மில்லிமீற்றர் அகலப் பாதை. உதிரிப்பாகமும் கைத்தேர்ச்சியும் பக்கத்திலேயே இருக்கிறது.

மின்சாரம் போகும் வழி: பான்டோகிராப், வெற்றிட சர்க்கிட் பிரேக்கர், பிரதான ட்ரான்ஸ்போமர், நாற்பக்கக் கொன்வேட்டர் (ஏசியை டிசி ஆக்கும், பிரேக் பிடிக்கும்போது வலுவைத் திரும்பக் கம்பிக்கும் அனுப்பும்), டிசி பஸ்பார். அதற்குப் பிறகு ஏற்கெனவே உள்ள இன்வேட்டரும் மோட்டரும்.

1200 கிலோவாட் எடுக்கிற செட்டை எடுப்போம். கம்பியில் 48 அம்பியர்தான் ஓடும். ட்ரான்ஸ்போமரின் இரண்டாம் பக்கத்தை 900 வோல்ட் என்று சுற்றினால் அங்கே 1330 அம்பியருக்கு மேல். டிசி பஸ்பார் 1500 வோல்ட். இந்த 900 ஏன் என்று விளங்கினால் மற்றது எல்லாம் விளங்கும். நாற்பக்கக் கொன்வேட்டர் வோல்ட்டை உயர்த்த மட்டுமே வல்லது, இறக்காது. ஆகவே இரண்டாம் பக்க உச்ச வோல்ட் எந்த நேரமும் 1500க்குக் கீழே நிற்க வேண்டும். 25 கிலோவோல்ட் கம்பியில் நிரந்தரமாக 27.5 வரையும் சிறிது நேரத்துக்கு 29 வரையும் ஏறலாம் என்பது தரவிதி. 29 ஏறினால் 900 வோல்ட் 1044 ஆகும், அதன் உச்சம் ஏறத்தாழ 1476. எல்லைக்குள் நிற்கிறது. யாராவது 1000 வோல்ட் என்று சுற்றிவிட்டால், சுமை இறங்கிய இரவு நேரத்தில் கொன்வேட்டர் கட்டுப்பாடு இழந்து வெறும் டயோட் பாலமாக நடந்துகொள்ளும், பஸ்பார் வோல்ட் ஏறிப் பாதுகாப்புத் தடுப்பான் வெட்டும்.

இரண்டாவது சிக்கல் 100 ஹெர்ட்ஸ். அல்டர்நேட்டர் மூன்று பேஸ், அதன் ரெக்டிபயர் தரும் டிசி ஓரளவு நேர்கோடு. அதனால் டீசல் செட்டில் பஸ்பாரின் ஏற்ற இறக்கத்தைத் தணிக்கும் கப்பாசிட்டர் வங்கி சிறிதாகத்தான் இருக்கும். கம்பி ஒற்றைப் பேஸ். வலு செக்கனுக்கு 100 தடவை ஏறி இறங்கும். அதே சிறிய கப்பாசிட்டரோடு விட்டால் பஸ்பார் அலையும். இன்வேட்டர் அதிர்வெண் 100 ஹெர்ட்ஸ் பக்கம் வரும்போது அந்த அலையும் இதுவும் மோதி மோட்டரில் மெதுவான துடிப்பு எழும், கியர் பல்லில் சத்தம் கேட்கும். பரிகாரம் 100 ஹெர்ட்ஸுக்கு இசைத்த கொயிலும் கப்பாசிட்டரும் கொண்ட வடிகட்டி. கப்பாசிட்டர் 4 மில்லிபராட் என்றால் கொயில் 0.63 மில்லிஹென்றி. இன்வேட்டர் மென்பொருளிலும் அந்தத் துடிப்பை எதிர்த்துத் திருத்தும் பகுதி வேண்டும். இன்வேட்டர் செய்த கம்பனி மூல நிரலைத் தராவிட்டால் வேலை இந்த இடத்திலேயே நின்றுவிடும். ஒப்பந்தம் எழுதும்போதே கேட்டு வாங்க வேண்டியது அது.

டிசி மோட்டர் செட்டுக்கு: டீசலில் அல்டர்நேட்டரின் புலச் சுருளைக் கூட்டிக் குறைத்து மோட்டர் வோல்ட்டைக் கட்டுப்படுத்துகிறார்கள். கம்பியில் அந்தப் பிடி இல்லை. வோல்ட்டைக் கூட்டிக் குறைத்து டிசி தருகிற தைரிஸ்டர் பாலம் வேண்டும், அதோடு மோட்டருக்குத் தொடராகப் பெரிய சமன்படுத்தும் கொயிலும் வேண்டும். கொயிலைச் சிறிதாக்கி மிச்சம் பிடித்தால் மோட்டரில் கார்பன் பிரஷ் உரசும் கொமியூட்டேட்டரில் தீப்பொறி, பிரஷ் தேய்வு, கடைசியில் மோட்டரே எரியும். அப்படிப்பட்ட செட்டை மாற்றச் சொல்லி நான் ஒருபோதும் சிபாரிசு செய்யமாட்டேன்.

அக்கரைப்பற்று வயரிங்
எங்கட அம்பாறைப் பக்கம் தண்டவாளமே இல்ல. மட்டக்களப்பில இருந்து கல்முனை, பொத்துவில் வரைக்கும் பாதை நீட்டச் சொல்லிக் கேக்குற ஆக்கள் நாங்க. எண்டாலும் இத விட ஏலாது. இந்தச் சாமான் எல்லாத்தையும் எங்க வைக்கிற? பவர் பெட்டிக்குள்ள எஞ்சின், அல்டர்நேட்டர், ரேடியேட்டர், எண்ணெய்த் தாங்கி எல்லாம் நெருக்கிக் கிடக்கு. ட்ரான்ஸ்போமருக்கு இடம் இருக்கா சேர்?

மட்டு மின்பொறி
இல்லை நானா, பவர் பெட்டியில் வைக்கவே கூடாது. பக்கத்தில் எஞ்சின் இல்லாமல் இழுபட்டு வருகிற இழுவைப் பெட்டியை எடுக்க வேண்டும். அதன் கூரையில் பான்டோகிராப்பும் பிரேக்கரும், அடியில் ட்ரான்ஸ்போமரும் கொன்வேட்டரும் வடிகட்டியும். 25 கிலோவோல்ட் அந்த ஒரு பெட்டியை விட்டு வெளியே போகாது. அங்கிருந்து 1500 வோல்ட் டிசி மட்டும் பெட்டி இணைப்புக்கு மேலால் ஜம்பர் கேபிளில் பவர் பெட்டிக்குப் போகும். 1200 கிலோவாட்டுக்கு 800 அம்பியர். நேர், எதிர் முனை ஒவ்வொன்றுக்கும் 240 சதுர மில்லிமீற்றர் கேபிள் இரண்டு வீதம் போட்டால் தாங்கும். ஜம்பர் அவிழ்ந்தால் இரு பக்கத்துக் கொன்டாக்டர் சுவிட்சுகளும் திறக்கும்படி அதற்குள்ளேயே மெல்லிய காவல் கம்பி ஒன்று ஓட வேண்டும்.

பாரக் கணக்கு என் மதிப்பீட்டில் இப்படி வரும்: ட்ரான்ஸ்போமர் எண்ணெயோடு 3.5 தொன், கொன்வேட்டரும் அதன் குளிரூட்டியும் 1.5, வடிகட்டி 0.8, கூரைச் சாமான் 0.5, கேபிளும் சட்டத்துக்குப் போடும் வலுவூட்டலும் 1.5 தொன்னுக்குக் கிட்ட. மொத்தம் 8 தொன் என்று வையுங்கள். நான்கு அச்சு, அச்சுக்கு 2 தொன் கூடும். ஸ்பிரிங் மாற்ற வேண்டும், பிரேக் சிலிண்டர் அழுத்தமும் புதிய பாரத்துக்குத் திருத்த வேண்டும். ட்ரான்ஸ்போமரைப் பெட்டியின் நடுக்கோட்டில் தொங்கவிட இடம் கிடைக்காது, ஒரு பக்கம் சாயும். எதிர்ப்பக்கத்தில் கொன்வேட்டரை வைத்துச் சமன் செய்து, ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனியாக நிறுத்துப் பார்க்காமல் பாதையில் விடக்கூடாது.

ட்ரான்ஸ்போமருக்குச் சாதாரணக் கனிய எண்ணெய் வேண்டாம். தீப்பற்றும் நிலை 300 பாகைக்கு மேலான எஸ்டர் எண்ணெய் போடுங்கள். மேலே பயணிகள் இருக்கிறார்கள்.

இன்னொன்று, பவர் பெட்டியின் புகைபோக்கிக்குக் கிட்டப் பான்டோகிராப் வரக்கூடாது. கரியும் சூடும் இன்சுலேட்டரில் படியும். அந்த இழுவைப் பெட்டியின் தூரத்து முனையில் பூட்டுங்கள். கூரையில் உள்ள குளிரூட்டி, தண்ணீர் நிரப்பும் வாய், அன்டெனா எல்லாம் 25 கிலோவோல்ட்டில் இருந்து நின்ற நிலையில் 270 மில்லிமீற்றர் விலகி இருக்க வேண்டும். ஓடும்போது கணநேரத்துக்கு 150 வரை அனுமதி.

ஏறாவூர் சிக்னல்
எல்லாரும் மின்சாரம் வருகிற வழியையே பேசுகிறீர்கள். திரும்பிப் போகிற வழி? அந்த 48 அம்பியரும் தண்டவாளத்தால் திரும்ப வேண்டும். பெட்டி உடலில் இருந்து போகிக்குத் தடித்த செப்புப் பின்னல், போகியில் இருந்து அச்சு முனைக்கு எர்த் பிரஷ், இதுதான் சரியான பாதை. டீசல் பெட்டியில் அந்தப் பிரஷ் இருக்காது. பூட்டாவிட்டால் மின்னோட்டம் அச்சுப் பெயாரிங் உருளைகளுக்குள்ளால் போகும். உருளையில் பொட்டுப் பொட்டாகக் குழி விழும், கிரீஸ் கருகும், சில மாதத்தில் பெயாரிங் சூடேறும். தேய்மானம் என்று நினைத்துப் பெயாரிங்கை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தால் அது திரும்பத் திரும்ப வரும். அந்தப் பெட்டியின் நான்கு அச்சிலும் பிரஷ் வேண்டும். ஒன்று தேய்ந்தாலும் மற்றது தாங்கும். பக்கத்துப் பெட்டிகளையும் உடலோடு உடல் பிணைக்க வேண்டும்.

சிக்னல் பக்கம்: ரயில் எங்கே நிற்கிறது என்று தண்டவாளத்தில் மின்சாரம் விட்டு அறிகிற டிசி ட்ராக் சர்க்கிட் உள்ள இடத்தில் 50 ஹெர்ட்ஸ் ஏசிக்கு அசையாத ரிலே போட வேண்டும், அல்லது அச்சு எண்ணிக்குப் போக வேண்டும். இது ரயிலை மாற்றுகிற செலவில் சேராத செலவு, ஆனால் இதைச் செய்யாமல் ஒரு செட்டைக்கூட ஓட்ட முடியாது.

கடவைகளும் இருக்கின்றன. இந்தியாவில் மின்பாதைக் கடவைக்கு இரு பக்கமும் 4.67 மீற்றர் உயரத்தில் தடைச்சட்டம் வைக்கிறார்கள். எங்கள் பக்கம் அறுவடைக் காலத்தில் வைக்கோல் ஏற்றிய உழவு மெசினும் லொறியும் போகிற கடவைகள் எத்தனை? வந்தாறுமூலையில் இருந்து புனானை வரைக்கும் ஒவ்வொன்றையும் அளந்து பார்த்தபிறகுதான் கம்பி உயரத்தை முடிவு செய்ய வேண்டும்.

வாழைச்சேனை பவர்செட்
யானையையும் கணக்கில் எடுங்கள். கல்லோயா, மின்னேரியா, வெலிக்கந்தை, புனானை வரை அவை பாதையைக் கடக்கின்றன. 2024 ஒக்ரோபரில் மின்னேரியாவில் எரிபொருள் ரயில் யானைகளோடு மோதித் தடம்புரண்டது. 2025 பெப்ரவரியில் ஹபரணைப் பக்கம் பயணிகள் ரயில் மோதி ஆறு யானைகள் செத்தன. அந்தச் சாவுகளைத் தடுக்க வேக எல்லையும் இரவுக் கண்காணிப்பும் வேண்டும், அதை எந்த மோட்டரும் செய்து தராது. ஆனால் ட்ரான்ஸ்போமரை எங்கே தொங்கவிடுவது என்பதற்கு இது நேரடியாகப் பொருந்தும். முன்பெட்டியின் அடியில் எண்ணெய் நிரம்பிய தொட்டி இருக்கக்கூடாது. மின்பொறி அண்ணன் சொன்னபடி இரண்டாவது பெட்டியில், இரு போகிகளுக்கு நடுவில், முன்னும் பின்னும் உருக்குத் தடுப்போடு வைத்தால் நல்லது. ஆனால் செட் திரும்பி ஓடும்போது எந்த முனை முன்னால் வரும் என்பதையும் பாருங்கள். ஒரு முனையில் மட்டும் பவர் பெட்டி இருந்தால், மறுமுனை ஓட்டுநர் பெட்டியில் எதையும் தொங்கவிடாதீர்கள்.

கல்லடிக் கரை
நன்றி. செலவுக்கு வரவு என்ன? எத்தனை லீற்றர் மிச்சம்?

வாழைச்சேனை பவர்செட்
மதிப்பிட்டுப் பார்ப்போம். எஞ்சின் ஒரு கிலோவாட் மணிக்கு 210 கிராம் டீசல் எடுக்கும், அது கால் லீற்றர். அல்டர்நேட்டர், ரெக்டிபயர் இழப்புப் போக ஒரு லீற்றரில் டிசி பஸ்பாருக்கு 3.7 கிலோவாட் மணி வரும். அதே 3.7ஐக் கம்பியில் இருந்து எடுக்க ஏறத்தாழ 4 யூனிட் வேண்டும். ஆகவே ஒரு யூனிட்டின் விலை ஒரு லீற்றர் விலையின் காற்பங்குக்குக் கீழே இருந்தால் மின்சாரம் லாபம். விலை எப்படி மாறினாலும் இந்த விகிதம் மாறாது.

300 தொன் செட், தொன்-கிலோமீற்றருக்கு 25 வாட் மணி என்று வைத்தால் கிலோமீற்றருக்கு 7.5 கிலோவாட் மணி. கொழும்பு கோட்டையில் இருந்து மட்டக்களப்பு ஏறத்தாழ 348 கிலோமீற்றர். முழுக்க டீசலென்றால் 705 லீற்றர்.

வெயாங்கொடை வரைக்கும் மட்டும் கம்பி என்றால் 37 கிலோமீற்றர். மிச்சம் 75 லீற்றர். ஆனால் கூடுதலாக ஏற்றிய 8 தொன்னை மீதி 311 கிலோமீற்றரும் டீசலில் சுமக்க வேண்டும், அதற்கு 17 லீற்றர். கையில் நிற்பது ஒரு வழிக்கு 58.

மட்டக்களப்புப் பாதை பிரிகிற மாகோ சந்தி வரைக்கும் கம்பி வந்தால் 137 கிலோமீற்றர். மிச்சம் 278, சுமைக்குப் போவது 11 அல்லது 12. கையில் நிற்பது 266.

என் முடிவு இதுதான். வெயாங்கொடைக் கம்பியை நம்பி மட்டக்களப்புச் செட்டை மாற்றுவது பணத்தை வீணாக்குவது. முதலில் மாற்ற வேண்டியது பொல்கஹவலை வரை ஓடுகிற அலுவலக நேரச் செட்டுகள். அவற்றுக்குப் பாதித் தூரம் கம்பிக்குக் கீழே, அடிக்கடி நின்று எடுப்பதால் பிரேக் வலுவும் கம்பிக்குத் திரும்பும். மட்டக்களப்பார் கேட்க வேண்டியது மாகோ வரைக்கும் கம்பி.

கல்லடிக் கரை
அப்படியென்றால் வொயேஜர் நின்றதும் இதே கணக்கிலா?

மட்டு மின்பொறி
அங்கே கட்டமைப்பே வேறு. வொயேஜரில் ஒவ்வொரு பெட்டிக்கும் அடியில் தனித்தனி 560 கிலோவாட் கம்மின்ஸ் எஞ்சின், தனி அல்டர்நேட்டர், தனி மோட்டர். செட் முழுக்க ஓடுகிற வலுக் கேபிள் கிடையாது. பான்டோகிராப்போடு ஒரு புதுப் பெட்டியைச் செருகினால் மட்டும் போதாது, அதில் இருந்து எல்லாப் பெட்டிக்கும் கேபிள் இழுத்து ஒவ்வொரு அமைப்பையும் திறந்து இணைக்க வேண்டும். எங்கள் பவர்செட்டில் எஞ்சின் முனைப் பெட்டியில். ஒரு ஜம்பர் இடைவெளிதான். அந்த வகையில் எங்கள் செட் வொயேஜரை விட மாற்றத்துக்கு ஏற்றது.

ஸ்பெயினில் எதிர்த்திசையில் செய்தார்கள். தால்கோவின் 130 வகை மின்ரயில்களில் 15ஐ எடுத்து, தலைப்பெட்டிக்குப் பின்னால் டீசல் ஜெனரேட்டர் பெட்டி சேர்த்து 730 ஆக்கினார்கள். 2012 முதல் ஓடுகிறது. பிரித்தானியாவின் 769 வகையும் பழைய மின்ரயிலுக்கு டீசல் ஜெனரேட்டர் பூட்டியதுதான். அதற்கு நீண்ட கோளாறு, ஒரு கம்பனி பயணிகள் சேவையில் விடாமலே திருப்பிக் கொடுத்தது. புதுப்பாகம் எவ்வளவு நல்லதென்றாலும், முதிர்ந்த வண்டிக்குப் பூட்டினால் அந்த வண்டியின் வயது கூடவே வரும். ஆகவே 15 வருட ஆயுளாவது மிஞ்சாத செட்டைத் தொடக்கூடாது. வாரணாசியில் 2018இல் இரண்டு டீசல் எஞ்சின்களை 10,000 குதிரைவலு இரட்டை மின் எஞ்சினாக 69 நாளில் மாற்றினார்கள். ஆனால் அங்கே டீசலை முழுக்கக் கழற்றி எடுத்துவிட்டார்கள், இடமும் பாரமும் மிஞ்சின. இரண்டையும் வைத்திருப்பதுதான் கஷ்டம்.

அக்கரைப்பற்று வயரிங்
மாகோவுக்கு அங்கால பெற்றரி போட்டா? கம்பியும் வேணாம், டீசலும் வேணாம்.

மட்டு மின்பொறி
211 கிலோமீற்றர், 7.5 வீதம் 1580 கிலோவாட் மணி. தேய்வுக்கும் அவசரத்துக்கும் சேர்த்து 2200. கிலோவுக்கு 100 வாட் மணி தருகிற பெற்றரி என்றால் 22 தொன். ஒரு பெட்டியின் பயணிகளை இறக்கிவிட்டு அதை ஏற்ற வேண்டும். நடுவில் பொலன்னறுவையில் சில கிலோமீற்றர் கம்பி போட்டு ஏற்றினால் பேசலாம்.

முழுக்கக் கம்பி என்றாலும் மின்சாரம் கொடுக்க இடம் இருக்கிறது. ஹபரணை, பொலன்னறுவை, வாழைச்சேனை மூன்றிலும் கிரிட் உபநிலையங்கள் உண்டு. 25 கிலோவோல்ட்டுக்கு 40, 50 கிலோமீற்றருக்கு ஒரு ஊட்டு நிலையம் போதும். ஒற்றைப் பேஸ் சுமை என்பதால் அடுத்தடுத்த நிலையங்களை வேறு வேறு பேஸ் சோடியில் இணைக்க வேண்டும். இல்லாவிட்டால் 132 கிலோவோல்ட் வலையமைப்பு ஒரு பக்கம் சாயும்.

ஏறாவூர் சிக்னல்
வாழைச்சேனைக்குக் கிழக்கே உப்புக்காற்று. இன்சுலேட்டரின் மேற்பரப்புப் பாதை 1050 மில்லிமீற்றர் உள்ளதாக, சிலிக்கன் உறை போட்டதாக எடுங்கள். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் தூசியும் உப்பும் மழையில்லாமல் படிந்துகொண்டே போகும். மாரியின் முதல் தூறல் அதை நனைக்கும் இரவில்தான் இன்சுலேட்டரில் தீப்பொறி தாவும். அதற்கு முன்னர் கழுவ வேண்டும். கம்பம் 1978 நவம்பர் சூறாவளியை மனதில் வைத்து நடப்பட வேண்டும். மன்னம்பிட்டி, ஓட்டமாவடி இரும்புப் பாலங்களில் மேல் குறுக்குச் சட்டத்தின் உயரத்தை அளக்காமல் எந்த வரைபடமும் கீற வேண்டாம். இடம் போதாவிட்டால் அந்தப் பாலத்தில் மட்டும் கம்பியை விட்டுவிட்டு டீசலில் கடக்கலாம். இரட்டை ரயிலின் பெரிய நன்மையே அதுதான்.

கல்லடிக் கரை
கடைசிக் கேள்வி. மாகோவில் கம்பி முடிகிறது என்றால் மாற்றம் ஓடிக்கொண்டே நடக்குமா, நின்றா?

வாழைச்சேனை பவர்செட்
ஓடிக்கொண்டே. ஆனால் ஆயத்தம் முன்பே தொடங்க வேண்டும். ஆறிக் கிடந்த எஞ்சினை எழுப்பி உடனே முழுச் சுமை ஏற்றினால் லைனரும் பிஸ்டன் வளையமும் போய்விடும். கம்பிக்குக் கீழே ஓடும் நேரம் முழுக்க மின் ஹீட்டரால் எஞ்சின் தண்ணீரை 40 பாகையில் வைத்திருங்கள். மாகோவுக்கு 10 நிமிடம் முன்னால் எஞ்சினைத் தொடங்க வேண்டும். 80 வேகத்தில் அது 13 கிலோமீற்றர், முதல் பலகை அங்கே.

பிறகு அல்டர்நேட்டரை 1400 வோல்ட்டுக்கு உயர்த்துங்கள். பஸ்பார் 1500இல் இருப்பதால் ரெக்டிபயர் டயோட்டுகள் அடைபட்டே இருக்கும், எதுவும் மோதாது. கொன்வேட்டர் மின்னோட்டத்தைப் படிப்படியாகக் குறைத்தால் பஸ்பார் 1400க்கு இறங்கும் கணத்தில் டீசல் தானாகச் சுமையை ஏற்கும். அதன் பின்னரே பிரேக்கரைத் திறந்து பான்டோகிராப்பை இறக்க வேண்டும். இறங்க 8 செக்கன் என்று வைத்தால் 80 வேகத்தில் 180 மீற்றர் ஓடிவிடும். ஆகவே இறக்கும் பலகை கம்பி முடிவுக்கு 500 மீற்றர் முன்னால். ஓட்டுநர் மறந்தாலும் இறங்கும்படி தண்டவாளத்துக்கு நடுவில் காந்தம் ஒன்று கம்பி முடிவுக்கு 300 மீற்றர் முன்னால் இருக்க வேண்டும். அது இல்லாமல் கம்பி முடிந்தால் பான்டோகிராப் கட்டில்லாமல் மேலே எழும்பி முதல் பாலத்திலோ மரக்கிளையிலோ அடிக்கும்.